கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் படித்த நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரியில், ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுவது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த நேரம் முழுக்க நாவல்தான். பக்கத்து சீட்டுக்காரர்கள், கடையில் கூட வேலை செய்கிற பிள்ளைகள், என் நாத்தனார், நூலகத்தில் பார்க்கிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். எல்லாம் கடந்த ஒன்றரை வருடத்தில் படித்தவை. சிலவற்றை இரண்டாம் தடவையாகப் படித்தேன்.

பஸ்ஸில் படித்தால் தலை சுற்றாதா, அக்கா?

சுற்றும். முதல் இரண்டு மாதம் நன்றாகவே சுற்றியது. இப்போது ஒரு முறை வைத்திருக்கிறேன். ஆல்பேட்டையில் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டும்வரை புத்தகத்தைத் திறப்பதில்லை. பின் சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டில் உட்காருவதில்லை. புதுச்சேரி எல்லையில் மதுக்கடைகள் இருக்கிற முள்ளோடை வந்ததும் ஒரு கூட்டம் இறங்கும், எதற்கு என்று உங்களுக்கே தெரியும். அதற்கப்புறம் கால் நீட்டிப் படிக்கலாம். சாயங்காலம் திரும்பும்போது அதே முள்ளோடையில் ஏறுகிறவர்கள் வேறு மாதிரி இருப்பார்கள். புத்தகத்தை மூடிப் பையில் போட்டுவிடுவேன். ஆக, காலையில் படித்ததுதான் மனதில் நிற்கும்.

ஒரு நாவல் நல்ல நாவல் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

கணக்கு எழுதுகிறவள் புத்தி எங்கே போகும்? கதையில் வருகிற ஆளுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். காதலிக்கிறான், மழையை வேடிக்கை பார்க்கிறான், நாலு பக்கத்துக்குத் தத்துவம் யோசிக்கிறான். சரி, வீட்டு வாடகையை யார் கட்டுகிறார்கள்? அதைச் சொல்லாத நாவல் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். வேலையைச் சொல்லத் தெரிந்த எழுத்தாளருக்கு மனிதர்களையும் சொல்லத் தெரிகிறது என்பது என் அனுபவம். விதிவிலக்கு ஒன்று இருக்கிறது, கீழே வரும்.

சமீபத்தில் படித்ததில் ஒன்றே ஒன்று சொல்லுங்களேன்.

கண்மணி குணசேகரனின் ‘நெடுஞ்சாலை’. பஸ்ஸைப் பற்றிய நாவலைப் பஸ்ஸிலேயே படித்தேன் என்பதால் பாரபட்சம் இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். போக்குவரத்துக் கழகத்தில் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்து, எப்போது நிரந்தரம் ஆகும் என்று காத்துக்கிடக்கிற தொழிலாளர்களின் கதை. ஓட்டுகிறவர், டிக்கெட் கிழிக்கிறவர், பணிமனையில் கிரீஸோடு கிடக்கிறவர் என்று எல்லாத் தரப்பும் வருகிறது. எழுதியவரே விருத்தாசலம் பணிமனையில் வேலை பார்த்தவர். அது வரிக்கு வரி தெரிகிறது. ஒரு நட்டு கழலவில்லை என்றால் மனிதனுக்கு எப்படி ஆத்திரம் வரும் என்பதை இவ்வளவு பொறுமையாக வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு மாற்றம் நடந்தது. சில்லறை இல்லை என்று கண்டக்டர் எரிந்து விழுந்தால் முன்பு நானும் பதிலுக்கு ஒன்று சொல்வேன். இப்போது அந்த மனிதருக்கு இன்று எத்தனையாவது நடை, கலெக்‌ஷன் எவ்வளவு என்று யோசிக்கத் தோன்றுகிறது. ஒரு தடவை கேட்டும்விட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் கொஞ்சம் இழுவை. பணிமனைக்குள் நடப்பதை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும் என்கிற ஆசை அவருக்கு. வேலை தெரிந்தவர்களுக்கு வரும் ஆசைதான் அது.

அவருடைய ‘அஞ்சலை’ எப்படி? பேச்சு மொழி புரியுமா?

நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியும். கல்யாணத்தில் ஒருவனைக் காட்டி இன்னொருவன் தலையில் கட்டிவிடுகிறார்கள். அங்கே தொடங்குகிற சீரழிவிலிருந்து அஞ்சலை எழுந்து எழுந்து விழுகிறாள். அவள் மேல் எழுத்தாளர் பரிதாபப்படுவதே இல்லை, அதனால்தான் நாம் படுகிறோம்.

மொழியைப் பற்றி ஒரு சம்பவம். என் நாத்தனார் தஞ்சாவூர்ப் பக்கம். ‘அஞ்சலை’யை அவளிடம் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து, “என்ன அண்ணி, இந்தப் புத்தகத்தில் பொழுது விடிந்தால் எல்லோரும் கொல்லைக்குப் போகிறார்கள், பொழுது சாய்ந்தால்தான் வருகிறார்கள், வயிறு சரியில்லையா?” என்று கேட்டாள். அவள் ஊரில் கொல்லைக்குப் போவது என்றால் வேறு. விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் கொல்லை என்றால் பயிர் வைக்கிற நிலம். முந்திரிக் கொல்லை என்று சொல்வதில்லையா, அதுதான். இப்படித் தடுக்குகிறவர்களுக்காகவே போலக் குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதி ஒன்றும் தொகுத்திருக்கிறார். ஆனால் அகராதி வேண்டாம், முப்பது பக்கம் பொறுத்தால் காது பழகிவிடும்.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ படிக்க முடியவில்லை, பாதியில் வைத்துவிட்டேன். தப்பா?

தப்பில்லை. நானும் ஒரு வாரம் மூடி வைத்தேன். 2018இல் வந்து, 2020க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். இன்ஜினீயரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டுகிற ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். கடைசியில் உடம்பு வெந்து ஜிப்மர் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். கதையின் பெரும்பகுதி அந்த வார்டுக்கு வெளியே காத்திருக்கிறவர்களின் பேச்சு. அப்பா தலைமையாசிரியர், அண்ணன் கை நிறையச் சம்பாதிக்கிறவன், பணம் இருக்கிறது. பணத்தால் ஆவது ஒன்றும் இல்லை.

நான் மூடி வைத்ததற்குக் காரணம் சொந்தமானது. என் சித்தி ஒருவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு நாள் இருந்தபோது வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். ஃபிளாஸ்க், பிளாஸ்டிக் கூடை, “சாப்பிட்டீங்களா” என்று கேட்டுவிட்டு அழுகிற சொந்தக்காரர்கள். அதெல்லாம் அப்படியே இந்த நாவலில் இருக்கிறது. யார் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று குடும்பம் கணக்குப் பார்க்கிற இடங்களில் என் வேலை எனக்கே கசந்தது.

புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது என்று சிலர் குறை சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் புதிது புதிதாகவா புலம்புவார்கள்? சொன்னதையே தான் சொல்வார்கள். என் குறை வேறு. ரேவதிக்கு ரவி மேல் ஏன் அவ்வளவு பிடிவாதம் என்பது கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. மற்ற எல்லோரும் பேசுகிறார்கள், ரவியும் பேசுகிறான். அவள் குரல்தான் குறைவு. அது வேண்டுமென்றே செய்தது என்றும் வாதாடலாம், எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஜிப்மர் வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் மட்டும் இதைப் படிக்காதீர்கள்.

இமையத்தில் வேறு எது?

‘எங் கதெ’யை ஒரே நாளில், காலைப் பயணத்திலும் மாலைப் பயணத்திலுமாக முடித்துவிடலாம். வேலை வெட்டி இல்லாத விநாயகம், பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருக்கிற கணவனை இழந்த கமலா மேல் கொண்ட பைத்தியத்தைத் தன் வாயாலேயே சொல்கிறான். படிக்கப் படிக்க அவன் மேல் எரிச்சல் வரும். வர வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்த அவருடைய முதல் நாவல். காலனிக்குத் துணி வெளுக்கிற ஆரோக்கியத்தின் கதை. ஊரார் கொடுக்கிற சோறும் தானியமும்தான் அவளுக்குக் கூலி. அந்தக் கூலி எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது என்பதுதான் கதையே. என்னுடைய ‘சோறு எங்கிருந்து வருகிறது’ பரீட்சையில் முதல் மார்க் இதற்குத்தான்.

புதுச்சேரியைப் பற்றி ஒரு நல்ல நாவல்?

பிரபஞ்சன். வேறு யாரை முதலில் சொல்வது? ‘மானுடம் வெல்லும்’, அதற்கப்புறம் ‘வானம் வசப்படும்’. இரண்டாவது நாவலுக்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இரண்டுக்கும் ஆதாரம் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு. பிள்ளை வியாபாரி, பிறகு கவர்னர் துய்ப்ளெக்சின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யாருக்கு எத்தனை குண்டு மரியாதை போட்டார்கள் என்று எல்லாவற்றையும் குறித்து வைத்த மனிதர். கணக்குப்பிள்ளைகளின் குலதெய்வம் என்று நான் சொல்வேன்.

நான் தினமும் போகிற சாலைதான் இந்தக் கதை நடக்கிற இடம். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் ஆங்கிலேயர்கள் தங்கள் தலைமையிடத்தையே நம் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாற்றிக்கொண்டார்கள். அதாவது எங்கள் பஸ் புறப்படுகிற பக்கம் இங்கிலீஷ்காரன், போய்ச் சேர்கிற பக்கம் பிரெஞ்சுக்காரன். நடுவில் இருபது சொச்சம் கிலோமீட்டர். 1748இல் ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டபோது முதல் அடி விழுந்தது அரியாங்குப்பம் கோட்டையில். இப்போது அரியாங்குப்பத்தில் பஸ் நின்றால் பூக்காரம்மாக்கள்தான் ஏறுகிறார்கள்.

நாவலாக எப்படி? ‘மானுடம் வெல்லும்’ எனக்கு ஒரு படி மேலே. கவர்னர், துபாஷி, தாசி, சாதாரண சனம் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிற நகைச்சுவை அதில் இருக்கிறது. ‘வானம் வசப்படும்’ அரசியலில் மூழ்கிவிடுகிறது. வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்த இடம் மட்டும் யாராலும் மறக்க முடியாது. பெரிய மனிதர்கள் கைகட்டி நிற்பதும், உள்ளுக்குள் வேகுவதும், மறுநாள் வழக்கம்போல் வியாபாரத்தைப் பார்ப்பதும். சில இடங்களில் பாத்திரங்கள் வாயால் பிரபஞ்சனே பேசிவிடுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டு ஆள் இருபதாம் நூற்றாண்டு நியாயம் பேசினால் கொஞ்சம் உறுத்தும். இருந்தாலும், ரங்கப்பிள்ளை வீதியில் கடைக்கு வரவேண்டிய பாக்கியை வசூலிக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பழைய மாளிகையை நிமிர்ந்து பார்க்காமல் வர முடிவதில்லை.

மஞ்சக்குப்பம் என்கிறீர்கள், ஜெயகாந்தன் படிக்கவில்லையா?

படிக்காமல் ஊருக்குள் இருக்க முடியுமா? 1934இல் இங்கே பிறந்தவர். ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ நாவலைப் பத்தொன்பது வயதில் படித்தேன், இந்த வருடம் மறுபடி படித்தேன். முன்னே சொன்ன விதிவிலக்கு இதுதான். வளர்த்த அப்பாவின் கிராமத்துக்கு வந்து, பூட்டிக் கிடக்கிற வீட்டைத் திறக்கிற ஹென்றி எந்த வேலைக்கும் போவதில்லை. யாரோடும் சண்டை இல்லை, எதன் மேலும் பேராசை இல்லை. என் கணக்குப்படி அவனை நான் நம்பவே கூடாது. சொத்து விஷயத்தில் அந்த அப்பாவின் தம்பி, லாரி ஓட்டுகிற துரைக்கண்ணுவோடு பெரிய ரகளை வரும் என்று எந்தத் தமிழ் வாசகரும் எதிர்பார்ப்பார். வராது. நிஜத்தில் இப்படி நடக்குமா? மஞ்சக்குப்பத்துக் கோர்ட்டில் வந்து பாருங்கள், அண்ணன் தம்பிகள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று.

ஆனால் படித்து முடித்த அன்று மனம் இலேசாக இருந்தது. பத்தொன்பது வயதில் அது உண்மை என்று நம்பிப் படித்தேன். இப்போது அது ஆசை என்று தெரிந்து படித்தேன். இரண்டாவதுதான் கூடப் பிடித்தது. கதாபாத்திரங்கள் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறார்கள். ஜெயகாந்தன் கதையில் பேசாமல் யார் இருந்திருக்கிறார்கள்?

‘பொன்னியின் செல்வன்’?

வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீராணம் ஏரிக்கரை நம் மாவட்டம். அந்தப் பெருமை போதும். பதினைந்து வயதுக்குள் படித்தால் ஐந்து பாகமும் ஐந்து நாள். நாற்பதுக்கு மேல் முதல் தடவை படிக்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. திட்டுங்கள், பரவாயில்லை.

விருது வாங்கின நாவல் எல்லாம் நன்றாக இருக்கிறதா?

இல்லை, ஆனால் சமீபத்தில் படித்தவை ஏமாற்றவில்லை. சோ. தர்மனின் ‘சூல்’ உருளைக்குடி என்கிற ஊரின் கண்மாயைப் பற்றியது. ஏரி தூர் வாருவது, மடை திறப்பது, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பது எல்லாம் எப்படி ஒரு ஊரின் ஒழுங்காக இருந்தது என்று முதல் பாதி பிரமாதமாகப் போகிறது. பிற்பாதியில் கோபம் கூடிக் கதை குறைகிறது. தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ ஒல்லியான புத்தகம். காரு மாமாவின் சாவுக்குக் கூடுகிற நாவிதர் குடும்பங்கள், அவர்களுடைய பழைய கடன்கள், பழைய கோபங்கள். அழ வைக்க முயற்சி செய்யாமலே கண் கலங்க வைத்தது. அன்று கிருமாம்பாக்கத்தில் பக்கத்து சீட்டு அம்மா, “வீட்டுல எதாவது பிரச்சனையாம்மா?” என்று கேட்டார்.

சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ மட்டும் இரண்டு தடவை பாதியில் நின்றுவிட்டது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். கைப்பையின் வார் அறுந்தது இந்தப் புத்தகத்தால்தான். கள்ளர்கள் களவுக்குப் போகிற பகுதிகள் அபாரம், நடுவில் வருகிற அரசர்கள் வரிசைதான் என்னைத் தள்ளிவிடுகிறது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் மேசை மேல் வைத்துப் படிப்பேன்.

‘அசுரன்’ படம் பார்த்துவிட்டேன். ‘வெக்கை’ படிக்கத் தேவையா?

தேவை. படம் அப்பாவின் கதை. பூமணியின் நாவல் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தின் கதை. கொலை செய்துவிட்டுக் காட்டிலும் கரட்டிலும் அப்பனும் மகனும் ஒளிந்து திரிகிற சில நாட்கள், அவ்வளவுதான். அவர்கள் என்ன சமைக்கிறார்கள், எங்கே தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதை எழுதியே பயத்தை ஏற்றுகிறார். சின்னப் புத்தகம்.

இதுவரை நாவலே படித்ததில்லை. எதில் தொடங்குவது?

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சென்னையில் ஒரு தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை, ஜமுனா, சாயா என்று இரண்டு அக்கா தங்கை. கஷ்டமான வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. இல்லாவிட்டால் பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’. ஒரு வெள்ளாட்டின் கதை. ஆட்டுக்குட்டிக்குக் காது குத்தி அரசாங்கக் கணக்கில் சேர்க்க வரிசையில் நிற்கிற இடத்தைப் படித்துக்காட்டினால், கடைப் பிள்ளைகள் தாங்கள் கார்டு வாங்க நின்ற வரிசைகளை நினைத்துச் சிரித்தார்கள்.

கடலோரத்தில் இருக்கிறோம், கடல் நாவல்?

ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’. நம் கரையோரக் கதை இல்லை, தெற்கே ஆமந்துறைப் பரதவர்கள். புயலில் கட்டுமரத்தோடு சிக்கிய மூன்று பேரிலிருந்து கதை விரிகிறது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இத்தனை பெயரா என்று மலைப்பாக இருக்கும். தேவனாம்பட்டினத்தில் மீன் வாங்குகிற இடத்தில் நாலைந்து சொல்லைக் கேட்டுப் பார்த்தேன். இரண்டைத் தெரியும் என்றார்கள், மற்றதற்குத் தங்கள் சொல்லைச் சொல்லிக் கொடுத்தார்கள். கூடவே சங்கரா மீனும் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது.

மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பீர்களா?

குறைவு. ஆனால் வங்காளத்தின் ‘ஆரோக்ய நிகேதன’த்தை யார் கேட்டாலும் சொல்வேன். தாராசங்கர் பந்தோபாத்யாயா எழுதியது, தமிழில் த. நா. குமாரஸ்வாமி. நாடி பிடித்துப் பார்த்தே சாவு எப்போது வரும் என்று சொல்கிற கிழவர் ஜீவன் மஷாய்க்கும், புதிதாக வந்த இங்கிலீஷ் வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கும் நடக்கிற மௌனச் சண்டை. ‘செல்லாத பணம்’ படித்த கையோடு இதைப் படித்தது தற்செயல், ஆனால் அந்த வராந்தாவின் கனம் கொஞ்சம் இறங்கியது.

புத்தகங்கள் எங்கே வாங்குகிறீர்கள்? இரவல் தருவீர்களா?

பாதி நூலகம்: கடலூர் மாவட்ட மைய நூலகம், புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம். மீதி நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில், வருடத்துக்கு ஒரு தடவை, போனஸ் பணத்தில் எடுத்து வைத்த தொகைக்கு. இரவல் தருவேன், பெயரும் தேதியும் நோட்டில் எழுதிக்கொண்டு. ஒரு நூலகப் புத்தகத்தை மழையில் நனைத்துவிட்டு இரண்டு நாள் இஸ்திரி போட்டுக் காயவைத்தவள் நான், அதனால் நனைத்துக் கொண்டுவருகிறவர்களை மன்னிப்பேன். ஓரத்தை மடக்குகிறவர்களை மாட்டேன்.

இப்போது பையில் என்ன இருக்கிறது?

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. அவர் எழுதியதே இரண்டு நாவல்தான். யுத்த காலத்து மெடான், பினாங்கு, செட்டியார்களின் வட்டிக்கடைகள். அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடைக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு படிநிலை, ஒரு பெயர். எங்கள் கடையிலும் அதே படிநிலை உண்டு, பெயர்தான் இல்லை. இன்றைக்குக் காலையில் ஜப்பான்காரன் மெடானுக்குள் நுழைந்துவிட்டான். பஸ் தவளக்குப்பத்தில் நின்றுகொண்டிருந்தது.